பெங்களூரு ரேஸுக்கு ஹாண்டிகாப்பிங் சாஃப்ட்வேர்: அப்டேட்டில் கணக்கு எப்போது திருந்தும்?

அல்சூர்_ஏரிக்கரை

வணக்கம் நண்பர்களே. நம்மில் பலர் வெளிநாட்டில் செய்த ஹாண்டிகாப்பிங் சாஃப்ட்வேர் (குதிரைகளின் பழைய ஓட்டங்களை வைத்து வாய்ப்பைக் கணிப்பது) ஒன்றை வைத்துக்கொண்டுதான் பெங்களூரு, மைசூரு ரேஸை அலசுகிறோம். எந்த சாஃப்ட்வேர் என்று பெயர் போட வேண்டாம், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. புதுப் பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தேன். கறுப்புப் பின்னணி, பெரிய எழுத்து, மொபைலில் பார்க்கும் வசதி. கணக்குப் போடும் பகுதியில் கை வைக்கவே இல்லை.

நான் கேட்டிருந்தது மூன்றே விஷயம்: மீட்டரை மீட்டராகவே எடுத்துக்கொள்ள வேண்டும், குதிரை சுமக்கும் எடையைக் கிலோவில் போட வேண்டும், ஃபால்ஸ் ரெயிலுக்கு (தள்ளிப் போடும் உள்வேலிக்கு) ஒரு கட்டம் வேண்டும். பதிலுக்கு வந்தது நன்றி சொல்லும் தானியங்கி மெயில் மட்டும்.

மீட்டர் விஷயத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். இந்த சாஃப்ட்வேர் 1200 மீட்டரை 6 ஃபர்லாங் என்று எடுத்துக்கொள்கிறது. 6 ஃபர்லாங் என்பது 1207 மீட்டர். குதிரை நொடிக்கு சுமார் 16, 17 மீட்டர் போகும். ஆக, 0.4 நொடி சும்மா கிடைத்துவிடுகிறது. 1600 மீட்டரை ஒரு மைல் என்று எடுத்தால் ஒன்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம், அரை நொடிக்கும் அதிகம். பெங்களூருக் குதிரைகளை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்டால் ஒரே தூரத்துக்குள் இது அடிபட்டுப் போகும். ஆனால் 1200 ஓடிய குதிரை அடுத்து 1600க்குப் போகும்போது ஸ்பீட் ஃபிகர் (வேகத்துக்குப் போடும் மதிப்பெண்) தப்பாகக் காட்டும். அந்த இடத்துக்குத்தானே நாம் சாஃப்ட்வேரையே தேடிப் போகிறோம்?

கணக்கைத் திருத்தாத அப்டேட்டுக்குப் பணம் கட்டலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

ஸ்ரீராம்புரம்_சேகர்

அண்ணா, எனக்குப் பிரச்சினை அதற்கும் முன்னாடியே. வாராவாரம் வரும் டேட்டா ஃபைலை இறக்கி ஏற்றுகிறேன். "வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று வருகிறது. சாஃப்ட்வேரைத் திறந்தால் பழைய ரேஸ்தான் தெரிகிறது. சப்போர்ட்டுக்கு எழுதினால் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். அதையும் செய்தாயிற்று, அதே கதைதான். குதிரைகளைப் பற்றி நான் எழுதி வைத்த குறிப்பெல்லாம் உள்ளே இருக்கிறது, அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

வைட்ஃபீல்டு_டேட்டா

சேகர், எதையும் அழிக்காதீர்கள். இது விண்டோஸ் செய்கிற வேலை.

பழைய சாஃப்ட்வேர்கள் தங்கள் டேட்டாபேஸைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. ஆனால் பழைய சாஃப்ட்வேர் நின்றுபோகக் கூடாது என்று விண்டோஸ் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. எழுத வேண்டியதை விர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறு இடத்தில் எழுதிவிட்டு, அதுதான் அசல் என்று சாஃப்ட்வேரை நம்ப வைக்கும். நீங்கள் ஏதாவது குறிப்பு எழுதிய முதல் நாளே டேட்டாபேஸின் நகல் ஒன்று அங்கே உருவாகியிருக்கும். அப்டேட் ஃபைலோ அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஓடுகிறது, அது நேராக அசல் ஃபைலில் எழுதுகிறது. சாஃப்ட்வேர் பார்ப்பது நகலை, அப்டேட் போய்ச் சேர்வது அசலில். இரண்டும் சந்திக்கவே இல்லை. மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் நகல் அப்படியேதான் இருக்கும்.

சாஃப்ட்வேரை மூடிவிட்டு சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், பிறகு ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர் என்று போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்ல வேண்டும். அங்கே அதே பெயரில் ஒரு டேட்டாபேஸ் இருக்கும். உங்கள் குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. புது ரேஸ்கள் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் அசலில். இரண்டையும் முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் சாஃப்ட்வேரை சி டிரைவிலேயே தனி ஃபோல்டர் போட்டு இன்ஸ்டால் செய்து, நகலை அங்கே வைத்து, விட்டுப்போன வாரங்களை வரிசையாக ஏற்றுங்கள்.

சிவாஜிநகர்_பெரியவர்

தம்பிகளா, நீங்கள் பேசுவதை ஆர்வமாகப் படிக்கிறேன். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். விடியற்காலை கேலப் (பயிற்சி ஓட்டம்) பார்க்காமல், ரேஸுக்கு முன் பேடாக் வளாகத்தில் குதிரை நடப்பதைப் பார்க்காமல், கம்ப்யூட்டர் சொல்வதை மட்டும் வைத்து எப்படி முடிவுக்கு வருவது? வேர்த்து ஒழுகும் குதிரை, காதைப் பின்னால் மடக்கி நிற்கும் குதிரை, வழக்கத்தைவிட வயிறு தொங்கும் குதிரை என்று எத்தனையோ இருக்கின்றன. இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் அட்டவணையில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

அல்சூர்_ஏரிக்கரை

ஐயா, நீங்கள் சொல்வதை முழுதும் ஏற்கிறேன். கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக சாஃப்ட்வேர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை ரேஸ், ஒவ்வொன்றிலும் எத்தனை குதிரை! எல்லாவற்றின் பழைய ஓட்டத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள உங்களைப் போன்றவர்களால் முடியும், என்னால் முடியாது. எந்தக் குதிரைகளைப் பேடாக்கில் உற்றுப் பார்க்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் காட்டினால் போதும்.

அதனால்தான் ஃபால்ஸ் ரெயிலை விடாமல் கேட்கிறேன். புல் தேயாமல் இருக்க உள்வேலியை வெளியே தள்ளிப் போடுகிறார்கள். ரேஸ் கார்டிலேயே எத்தனை மீட்டர் அகலம், எங்கிருந்து எதுவரை என்று அச்சடித்து வருகிறது. ஐந்து மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வட்டத் திருப்பம் முழுவதும் அது இருந்தால், வேலியை ஒட்டி ஓடும் குதிரையே ஐந்தைப் பையால் பெருக்கிய தூரம், அதாவது 15.7 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. கிட்டத்தட்ட ஒரு நொடி. லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) கணக்கில் சொன்னால் ஐந்து, ஆறு லெங்த். அன்றைக்கு ஜெயித்த குதிரை மந்தம் என்று சாஃப்ட்வேர் முடிவு கட்டிவிடும். வேலியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த வாரத்தில் ஓடியதெல்லாம் சூரப்புலி ஆகிவிடும். இரண்டும் நிஜமில்லை.

ஃபோட்டோ_ஃபினிஷ்

ஒரு திருத்தம் சார். ஸ்டார்ட்டிங் கேட்டையும் அதற்கேற்ப முன்னால் நகர்த்தி வைத்தால் அந்த 15 மீட்டர் சரிக்கட்டப்பட்டுவிடும். வேலி திருப்பத்தின் பாதியில் தொடங்கினால் கணக்கும் பாதியாகும். 1000, 1100 மீட்டரில் நேர்ப்பகுதியின் பங்கு அதிகம். ஒரே எண்ணை எல்லா ரேஸுக்கும் போட்டால் அதுவும் தப்பாகிவிடும்.

அல்சூர்_ஏரிக்கரை

சரியான திருத்தம். நானே கணக்குப் போட்டு வைத்திருக்கும் என் ஷீட்டில் சூத்திரத்தை மட்டும் நம்பவில்லை. அன்றைக்கு நடந்த எல்லா ரேஸின் நேரத்தையும் அந்தந்த ரேட்டிங் (குதிரையின் தர எண்) வகுப்பின் வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டு, மொத்தமாக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதை அந்த நாளின் திருத்தமாகப் போடுகிறேன். டிராக் எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் பெனட்ரோமீட்டர் அளவு, ஃபால்ஸ் ரெயில், எதிர்க்காற்று எல்லாம் அதற்குள் வந்துவிடும். மதியம் மழை கொட்டினால் அதற்கு முன் நடந்த ரேஸ்களையும் பின் நடந்தவற்றையும் பிரிக்க வேண்டும். பெங்களூரு கோடை சீசனில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். சாஃப்ட்வேரிலும் நாள் திருத்தம் உண்டு, ஆனால் அமெரிக்க மண் டிராக்குக்குப் போட்டது. வேகம், நல்லது, சேறு என்று பெயர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பெனட்ரோமீட்டர் எண்ணை எழுதவே இடமில்லை.

வகுப்பு விஷயத்திலும் இதே தொந்தரவுதான். அங்கே கிளெய்மிங் ரேஸில் (குறித்த விலைக்குக் குதிரையை வாங்கிக்கொள்ளக்கூடிய ரேஸ்) குறித்திருக்கும் விலைதான் குதிரையின் தரம். நமக்கோ 0 முதல் 25, 20 முதல் 45, 40 முதல் 65 என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ரேட்டிங் வகுப்புகள். இரண்டு ரேட்டிங் புள்ளிக்கு ஒரு கிலோ. 45 ரேட்டிங் உள்ள குதிரை 20–45இல் ஓடினால் உச்ச எடை, 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே குதிரை 40–65இல் நுழைந்து, அங்கே 65 ரேட்டிங் குதிரைக்கு 60 என்றால், இதற்கு 50 கிலோதான். பத்து கிலோ இறங்குகிறது, ஆனால் எதிரில் நிற்பது பெரிய குதிரைகள். நம் ரேஸில் அலச வேண்டியதே இந்த இடம்தான். சாஃப்ட்வேர் "வகுப்பு கூடியது, எச்சரிக்கை" என்று ஒரு சிவப்புப் பொட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எடையைப் பவுண்டாக மாற்றும்போதும் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு என்று எடுக்கிறது. அரை கிலோ என்பது 1.1 பவுண்டு. 25 புள்ளி வித்தியாசத்தில் இரண்டரை பவுண்டு தவறிப்போகிறது.

மர்ஃபி_டவுன்_மணி

நான் காலை கேலப் நேரங்களை எக்செல்லில் ஒட்டி வைக்கிறேன் சார். பேப்பரில் 1-7, 600/39 (1 நிமிடம் 7 நொடி, கடைசி 600 மீட்டர் 39 நொடி) என்று வருகிறது இல்லையா? ஒட்டினால் 1-7 என்பது ஜூலை 1 ஆகிவிடுகிறது! 1-6.5 மட்டும் சரியாக நிற்கிறது. இதை சாஃப்ட்வேரில் ஏற்றினால் பாதிக் குதிரைக்கு கேலப்பே இல்லை என்கிறது.

வைட்ஃபீல்டு_டேட்டா

எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது மணி. 1-6.5 தேதியாக இருக்க முடியாது, அதனால் தப்பிக்கிறது. ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் தேதி ஐந்து இலக்க எண்ணாகிவிடும். பிறகு கோடுக்கு முன்னால் இருப்பதை 60ஆல் பெருக்கிப் பின்னால் இருப்பதைக் கூட்டி, எல்லாவற்றையும் நொடியாக்கிப் பக்கத்துப் பத்தியில் வையுங்கள். சாஃப்ட்வேருக்கு அதைக் கொடுங்கள்.

இன்னர் சாண்ட், அவுட்டர் சாண்ட் என்ற இரண்டு மணல் பயிற்சி டிராக்குகளின் நேரத்தையும் கலக்காதீர்கள், தனிப் பத்தி வேண்டும். "ஈஸி" என்று போட்டிருக்கிறார்களா, "நன்றாக நீட்டியது" என்று போட்டிருக்கிறார்களா என்பதும் வேண்டும். ஜாக்கி பிடித்து வைத்து 39 நொடி வந்ததும், விரட்டி 39 வந்ததும் ஒன்றில்லை. பெரியவர் கேட்டாரே எந்தப் பத்தி என்று, அவர் கண்ணால் பார்ப்பதில் கொஞ்சமாவது இந்தப் பத்திக்குள் வரும்.

சிவாஜிநகர்_பெரியவர்

அது நியாயம். கேலப் பார்த்துவிட்டு வந்து நானே எழுதித் தருகிறேன், யாராவது ஷீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

புதுசு_கம்மனஹள்ளி

அண்ணன்மாரே, நான் புதிது. முதலில் ஒரு சந்தேகம். இதெல்லாம் சட்டப்படி சரிதானா? அப்புறம், இவ்வளவு கணக்குப் போட்டால் காசு நிற்குமா?

ஃபோட்டோ_ஃபினிஷ்

தம்பி, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொல்லிவிட்டது. நம்ம மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட கே.ஆர்.லட்சுமணன் வழக்கு அது. கிளப்பின் டோட்டில் (எல்லார் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) ஆடுவது ஒன்று, தெருமுனையில் நோட்டு வைத்துக்கொண்டு வாங்குபவனிடம் ஆடுவது வேறு. இரண்டாவது பக்கம் தலை வைத்தும் படுக்காதே.

காசு நிற்குமா என்பதற்கு முதலில் வரியைப் பார். பந்தயத் தொகையின் முழு மதிப்பின் மீதும் ஜிஎஸ்டி. 2017இல் 28 சதவீதமாகத் தொடங்கியது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 100 ரூபாய் பந்தயத்துக்கு மேலே 40 ரூபாய் வரி கட்டுகிறாய் என்றால், 140க்கு மேல் டிவிடெண்ட் (ஜெயித்தால் கிளப் தரும் தொகை) வந்தால்தான் கையைக் கடிக்காது. 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். சாஃப்ட்வேரின் லாபக் கணக்கில் இது எதுவும் கிடையாது. டோட் பிடித்தம் என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். அது காட்டுகிற பச்சை எண்ணைப் பார்த்துக் கடன் வாங்கி ஆடுகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. முதலில் காகிதத்தில் மட்டும் எழுதிப் பார்.

அல்சூர்_ஏரிக்கரை

தம்பிக்கு ஃபோட்டோ ஃபினிஷ் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வரியைக் கட்டமாகச் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. மெயிலில் கேட்டேன், இந்தியா அவர்களுக்குச் சின்னச் சந்தையாம். சந்தா வாங்கும்போது மட்டும் சின்னச் சந்தை என்று யாரும் குறைத்து வாங்கவில்லை.

மர்ஃபி_டவுன்_மணி

இன்னொன்று சார். 2024 கோடையில் உரிமச் சிக்கலில் பெங்களூரில் ரேஸே நின்றுபோனது இல்லையா? அதற்குப் பிறகு ஓடிய குதிரைகளுக்கெல்லாம் "நீண்ட ஓய்வு" என்று சாஃப்ட்வேர் மதிப்பெண் குறைத்துவிட்டது. காயம்பட்டு லாயத்தில் நின்ற குதிரைக்கும், ரேஸ் இல்லாததால் தினமும் கேலப் மட்டும் போய்க்கொண்டிருந்த குதிரைக்கும் ஒரே தண்டனை. 2020 கொரோனா இடைவெளிக்கும் இதே மாதிரிதான் காட்டுகிறது.

வைட்ஃபீல்டு_டேட்டா

முக்கியமான விஷயம். ஓய்வை நாள் கணக்கில் பார்க்காமல், அந்த மையத்தில் நடந்த எத்தனை ரேஸ் நாள்களை அந்தக் குதிரை தவறவிட்டது என்று எண்ணினால் இது தீர்ந்துவிடும். என் ஷீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கிண்டியிலிருந்து இங்கே வந்த குதிரைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிளப்புக்கும் தனி ஹாண்டிகாப்பர் (குதிரைக்கு ரேட்டிங் போடும் அதிகாரி) இருக்கிறார். சென்னையில் வாங்கிய ரேட்டிங்கையும் இங்கே வாங்கும் ரேட்டிங்கையும் ஒரே அளவுகோல் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்கிறது. இங்கே இரண்டு மூன்று முறை ஓடும் வரை அந்த எண்ணைப் பாதிதான் நம்புவேன்.

சாஃப்ட்வேரையே தூக்கிப் போட்டுவிட்டு நாமே மாடல் போடலாமே என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். போடலாம். ஆனால் ஹாங்காங்கில் கம்ப்யூட்டர் மாடல் வைத்துப் பெரும் பணம் ஜெயித்த பில் பென்ட்டர் செய்ததைக் காட்டி இங்கேயும் அது நடக்கும் என்று கிளம்ப வேண்டாம். அங்கே ஒவ்வொரு குதிரையும் ரேஸின் ஒவ்வொரு பகுதியையும் கடந்த நேரத்தைக் கிளப்பே வெளியிடுகிறது, பூலில் புரளும் பணமும் பெரிது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பென்ட்டர் தன் மாடலை மட்டும் நம்பவில்லை, ஜனங்கள் போடும் பணத்தால் உருவாகும் ஆட்ஸையும் அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டார். தன் மாடல் கவனிக்காத ஏதோ ஒன்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும் என்பதால்தான் அப்படிச் செய்தார். நம் சாஃப்ட்வேரில் கடைசி நேர டோட் ஆட்ஸைச் சேர்த்து வைக்கும் வசதி இல்லை, நானே எழுதி வைக்கிறேன்.

ஸ்ரீராம்புரம்_சேகர்

வைட்ஃபீல்டு அண்ணா, ரொம்ப நன்றி! நீங்கள் சொன்ன இடத்திலேயே நகல் இருந்தது. குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன, விட்டுப்போன வாரங்களும் ஏறிவிட்டன. சப்போர்ட்டில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

இப்போது வேறு ஒன்று. 5ஆம் தேதி ஓடிய குதிரை ஏதோ பழைய மாதத்தில் ஓடியதாகக் காட்டுகிறது. 19ஆம் தேதி ஓடியது சரியாக இருக்கிறது. மெஷின் விண்டோஸ் 10, அதையும் மாற்ற வேண்டுமா?

வைட்ஃபீல்டு_டேட்டா

அமெரிக்கத் தேதி முறை சேகர். மாதம் முன்னால், நாள் பின்னால். 12ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறிவிடும், 12க்கு மேல் மாதமாக இருக்க முடியாது என்பதால் சரியாக நிற்கும். ஏற்றும் ஃபைலில் மாதத்தை எழுத்தில் போடுங்கள், அல்லது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். ஏற்கெனவே மாறி ஏறியவற்றை அழித்துவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஓட்டம் இரண்டு முறை நிற்கும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அவசரப்பட்டு 11க்குப் போகாதீர்கள். உங்களிடம் இருப்பது ரொம்பப் பழைய சிடி பதிப்பு என்றால் அதன் இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருக்கலாம். விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டும்தான், அதில் 16 பிட் இன்ஸ்டாலர் ஓடாது. இந்த மெஷினை இன்டர்நெட்டில் இருந்து கழற்றி, ரேஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். டேட்டாபேஸ் ஃபைல் அளவையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய ஆக்சஸ் வகை ஃபைல் 2 ஜிபியைத் தொட்டால் எழுதுவதை நிறுத்திவிடும். அதற்கு முன்பே காம்பாக்ட் செய்துவிட வேண்டும்.

அல்சூர்_ஏரிக்கரை

நான் முடிவு செய்துவிட்டேன், சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. கையில் இருக்கும் பதிப்பு சந்தா முடிந்தாலும் திறக்கும், வாராந்திர டேட்டா மட்டும் வராது. அந்த டேட்டாவில் பெங்களூரு, மைசூருக்கு வரும் பகுதியை நாமே ரேஸ் கார்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். இன்றைக்கு எல்லா ஓட்டங்களையும் காற்புள்ளி பிரித்த ஃபைலாக வெளியே எடுத்துவிட்டேன். புதுப்பிக்கப் போகிறவர்களும் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். சந்தா முடிந்த பிறகு ஏற்றுமதி மெனு மங்கிவிடுகிறது என்று போன சீசனில் விட்ட நண்பர் ஒருவர் சொன்னார்.

அதே கம்பெனிக்குக் கடைசியாக ஒரு மெயில் எழுதியிருக்கிறேன். மீட்டர், கிலோ, ஃபால்ஸ் ரெயில், பெனட்ரோமீட்டர், தேதி வரிசை, வரி. இவற்றைச் சேர்த்தால் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல சாஃப்ட்வேர்தான். அதன் பேஸ் வரைபடம் (ரேஸில் வேகம் எப்படிப் போகும் என்று காட்டுவது) போல வேறு எதிலும் இல்லை. அதனால்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

ஃபோட்டோ_ஃபினிஷ்

நானும் அதே பட்டியலை அனுப்புகிறேன் சார். பத்துப் பேர் கேட்டால் காது கொடுப்பார்கள். ஷீட்டைப் பகிர்ந்தால் மைசூரு ஓட்டங்களை நான் ஏற்றுகிறேன்.

மர்ஃபி_டவுன்_மணி

கேலப் பத்தி என் பொறுப்பு. பெரியவர் எழுதித் தருவதை அன்றன்றைக்கே ஏற்றிவிடுகிறேன்.

அல்சூர்_ஏரிக்கரை

ரொம்ப சந்தோஷம். ஷீட்டை இன்று இரவு பகிர்கிறேன். தூரம் மீட்டரில், எடை கிலோவில், நேரம் நொடியில். ஃபால்ஸ் ரெயிலுக்கு அகலம், தொடங்கும் இடம், முடியும் இடம் என்று மூன்று பத்தி. ஸ்டார்ட்டை நகர்த்தினார்களா என்பதற்கு நான்காவது. கார்டில் இல்லாததை யூகித்து நிரப்பாதீர்கள், காலியாகவே விடுங்கள்.